அடிபந்தாட்டத்தில் ஆட்டப் பிற்பகுதி மாற்று முடிவுகள்

அடிபந்தாட்டத்தில் ஆட்டப் பிற்பகுதி மாற்று முடிவுகள் என்பன, பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தின் இறுதி இன்னிங்ஸ்களில் ஒரு வீரரை வெளியேற்றி வேறொருவரைக் களமிறக்குவது குறித்து அணியின் மேலாளர் எடுக்கும் தீர்மானங்கள் ஆகும். வீச்சாளரை எப்போது மாற்றுவது, யாரைக் கொண்டு மாற்றுவது, மாற்றாமலே விடுவதா என்பனவே இவற்றுள் முதன்மையானவை. ஒன்பது இன்னிங்ஸ்கள் கொண்ட ஆட்டத்தில் இத்தகைய முடிவுகள் பெரும்பாலும் ஏழாவது இன்னிங்ஸுக்குப் பின்னரே எழுந்தன. 2010களிலிருந்து, குறிப்பாக உலகத் தொடர் ஆட்டங்களில், ஐந்தாவது அல்லது ஆறாவது இன்னிங்ஸிலேயே இவை எழத் தொடங்கின.

ஐக்கிய அமெரிக்காவின் விளையாட்டு வரலாற்றில் மிக நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட நிகழ்வுகளுள் சில இம்முடிவுகளைப் பற்றியவையாகும். ஒரே ஒரு முடிவின் பொருட்டு மேலாளர்கள் பணி இழந்துள்ளனர். வீரர்கள் பல ஆண்டுகள் பழி சுமந்துள்ளனர். ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை அதன் விளைவைக் கொண்டு அறியலாமா என்பதே இவ்விவாதங்கள் அனைத்திலும் உள்ளீடாக இருக்கும் கேள்வி ஆகும்.

விதிகள்

அடிபந்தாட்டத்தில் ஒரு நேரத்தில் ஒன்பது வீரர்கள் களத்தில் நிற்பர். ஒருவர் வெளியேற்றப்பட்டால் அவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் எந்த நிலையிலும் ஆட இயலாது. கூடைப்பந்தாட்டத்தில் ஒரு வீரர் வெளியே சென்று மீண்டும் வரலாம். கிரிக்கெட்டில் மரபாக மாற்று வீரர் பந்தைத் தடுக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டார். 2023 ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக்கில் அறிமுகமான இம்பாக்ட் வீரர் விதி, வெளியேறியவர் திரும்பி வர இயலாது என்ற வகையில் அடிபந்தாட்ட விதியை ஒத்தது எனலாம். ஆனால் அங்கு ஓர் அணிக்கு ஒரே ஒரு மாற்றுதான் உண்டு. அடிபந்தாட்டத்தில் இருக்கையில் உள்ள வீரர்கள் தீரும் வரை மாற்றலாம்.

எனவே ஒவ்வொரு மாற்றும் திரும்பப் பெற முடியாத செலவு ஆகும். எட்டாவது இன்னிங்ஸில் சிறந்த வீச்சாளரை வெளியேற்றிய மேலாளர், பதின்மூன்றாவது இன்னிங்ஸில் அவரை எண்ணி வருந்தலாமே தவிர அழைக்க இயலாது.

மேலும், இவ்வாட்டத்துக்குக் கால எல்லை இல்லை. ஒன்பது இன்னிங்ஸ்கள் முடிவில் ஓட்டங்கள் சமமாக இருந்தால் வெற்றி தோல்வி தெரியும் வரை ஆட்டம் தொடரும். ஆட்டம் எப்போது முடியும் என அறியாமலேயே மேலாளர் தம் வீரர்களைச் செலவிட வேண்டியுள்ளது.

மாற்று வகைகள்

ஆட்டப் பிற்பகுதியில் செய்யப்படும் மாற்றுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

வீச்சாளர் மாற்று: தொடக்க வீச்சாளர் களைப்படையும்போது அல்லது எதிரணி மட்டையாளருக்கு வேறொருவர் பொருத்தமானவர் எனத் தோன்றும்போது, மாற்று வீச்சாளர் அழைக்கப்படுவார். மாற்று வீச்சாளர்கள் ஆட்டம் நடக்கும்போதே புல்பென் எனப்படும் தனியிடத்தில் பந்து வீசி உடலைத் தயார் செய்துகொள்வர். இதற்குச் சில நிமிடங்கள் தேவை. ஆகவே முடிவு எடுக்கப்படும் கணத்துக்கு முன்பே அதற்கான ஆயத்தம் தொடங்கியிருக்க வேண்டும்.

மாற்று மட்டையாளர்: மட்டை வரிசையில் அடுத்து வர வேண்டியவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்குதல். வீச்சாளர் வலக்கையர் எனில் இடக்கை மட்டையாளரையும், இடக்கையர் எனில் வலக்கை மட்டையாளரையும் இறக்குவது பொது வழக்கு.

மாற்று ஓட்டக்காரர்: தளத்தில் நிற்கும் வேகம் குறைந்த வீரருக்குப் பதிலாக விரைந்து ஓடக்கூடியவரை நிறுத்துதல்.

தற்காப்பு மாற்று: அணி முன்னிலையில் இருக்கும்போது, நன்கு அடிக்கக்கூடிய ஆனால் பந்தைத் தடுப்பதில் வலுக்குறைந்த வீரரை வெளியேற்றி, தடுப்பதில் தேர்ந்தவரை இறக்குதல்.

வரலாறு

தொழில்முறை அடிபந்தாட்டத்தின் தொடக்கக் காலத்தில் காயம் போன்ற காரணங்கள் இன்றி வீரர்களை மாற்ற இயலாது. 1891 ஆம் ஆண்டளவில் விதிகள் தளர்த்தப்பட்டு, மேலாளர் விரும்பியபோது மாற்றலாம் என்ற நிலை ஏற்பட்டது. எனினும் தொடங்கிய வீச்சாளரே ஆட்டத்தை முடிப்பது பல பத்தாண்டுகள் வழக்கமாக நீடித்தது. 1890 முதல் 1911 வரை ஆடிய சை யங் தம் வாழ்நாளில் 749 ஆட்டங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே வீசினார். 2022 முதல் 2024 வரையான ஒவ்வொரு பருவத்திலும், 30 அணிகளும் ஆடிய ஏறத்தாழ 2430 ஆட்டங்களில், இவ்வாறு முழுமையாக வீசப்பட்டவை நாற்பதுக்கும் குறைவு. ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து முறை உலகத் தொடரை வென்ற நியூயார்க் யாங்கீஸ் அணியின் மேலாளர் கேசி ஸ்டெங்கல், எதிரணி வீச்சாளரின் கைக்கேற்ப மட்டையாளர்களை மாற்றி மாற்றி இறக்கும் முறையைப் பரவலாக்கினார்.

1969 ஆம் ஆண்டு 'சேவ்' எனப்படும் காப்பு அதிகாரபூர்வப் புள்ளியாக ஏற்கப்பட்டது. சிகாகோ செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த இக்கணக்கு, குறைந்த முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்கும் வீச்சாளரின் பணியை அளந்தது. 1980களின் இறுதியில் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் மேலாளர் டோனி லா ரூசா, டெனிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் பயன்படுத்தினார். இதன்பின் ஒவ்வோர் அணியிலும் 'குளோசர்' எனப்படும் முடிப்பு வீச்சாளர் ஒருவர் இருப்பது வழக்கமாயிற்று. ஆட்டத்தை அளக்க உருவான ஒரு கணக்கு ஆட்டத்தை ஆடும் முறையையே மாற்றிவிட்டது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஏழாவது இன்னிங்ஸில் பெரும் நெருக்கடி ஏற்பட்டாலும், அணியின் மிகச் சிறந்த மாற்று வீச்சாளர் ஒன்பதாவது இன்னிங்ஸுக்காகக் காத்திருந்தார்.

கருத்தில் கொள்ளப்படுவன

களைப்பு: வீசிய பந்துகளின் எண்ணிக்கை, பந்தின் வேகம் குறைதல், குறி தவறுதல் ஆகியன களைப்பின் அறிகுறிகளாகக் கொள்ளப்படுகின்றன. நூறு வீச்சுகள் என்பது 1990களிலிருந்து பொதுவான எச்சரிக்கைக் கோடாக விளங்குகின்றது.

மட்டை வரிசையின் மூன்றாம் சுற்று: ஒரே வீச்சாளரை ஒரே ஆட்டத்தில் மூன்றாம் முறை எதிர்கொள்ளும் மட்டையாளர்கள், முதல் முறையை விடச் சராசரியில் கூடுதலாக அடிக்கின்றனர். டாம் டாங்கோ, மிட்செல் லிக்ட்மன், ஆண்ட்ரூ டால்ஃபின் ஆகியோர் 2006 இல் வெளியிட்ட நூல் இதனைப் பரவலாக அறியச் செய்தது. வீச்சாளர் களைப்படைவது மட்டுமன்றி, மட்டையாளர் அவரது பந்துகளைப் பழகிக்கொள்வதும் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது.

கைப்பொருத்தம்: வலக்கை வீச்சாளருக்கு எதிராக இடக்கை மட்டையாளரும், இடக்கை வீச்சாளருக்கு எதிராக வலக்கை மட்டையாளரும் பொதுவாகச் சிறப்பாக ஆடுகின்றனர்.

மாற்றாக வருபவரின் நிலை: விவாதங்களில் பெரிதும் மறக்கப்படுவது இதுவே. களைத்த வீச்சாளரின் திறனை அவரது சிறந்த நாளின் திறனோடு ஒப்பிடுவதால் பயனில்லை. அடுத்து வரக்கூடியவரின் அன்றைய திறனோடு ஒப்பிட வேண்டும்.

நாளைய தேவை: 162 ஆட்டங்கள் கொண்ட வழக்கமான பருவத்தில், இன்று ஒருவரை அதிகமாகப் பயன்படுத்தினால் நாளை அவர் கிடைக்கமாட்டார். தொடரின் ஏழாவது ஆட்டத்தில் இக்கவலை இல்லை. ஆகவே பருவம் முழுதும் சரியாக இருந்த ஒரு பழக்கம் இறுதி ஆட்டத்தில் தவறாக அமையலாம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

1986 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம்

1986 அக்டோபர் 25 அன்று நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராக, பாஸ்டன் ரெட் சாக்ஸ் தொடரில் 3-2 என முன்னிலை பெற்றிருந்தது. ஏழு இன்னிங்ஸ்கள் முடிவில் ஆட்டத்திலும் 3-2 என முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வீச்சாளர் ரோஜர் கிளெமென்ஸுக்குப் பதிலாக மேலாளர் ஜான் மக்நமாரா மாற்று மட்டையாளர் ஒருவரை இறக்கினார். கிளெமென்ஸ் தாமாகவே வெளியேற விரும்பினார் என மக்நமாரா பின்னர் கூற, கிளெமென்ஸ் அதனை மறுத்தார். அடுத்து வந்த கால்வின் ஷிரால்டி எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலையை இழந்தார்.

பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-3 என மீண்டும் முன்னிலை பெற்றது. முதல் தளக் காவலர் பில் பக்னர் கணுக்கால் வலியால் வருந்தி வந்தார். அத்தொடரில் பாஸ்டன் வென்ற ஆட்டங்களில் இறுதிக் கட்டத்தில் அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டன் தற்காப்பு மாற்றாக இறக்கப்பட்டிருந்தார். இம்முறை பக்னர் களத்திலேயே விடப்பட்டார். இருவர் ஆட்டமிழந்து, தளத்தில் ஒருவரும் இல்லாத நிலையில் மெட்ஸ் அணியினர் தொடர்ந்து மூன்று ஒரு தள அடிகளை அடித்தனர். பாப் ஸ்டான்லியின் கட்டுமீறிய வீச்சு ஒன்றால் ஓட்டங்கள் சமமாயின. பின்னர் மூக்கி வில்சன் அடித்த தரைப்பந்து பக்னரின் கால்களுக்கிடையே சென்றது. மெட்ஸ் 6-5 என வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் தொடரையும் வென்றது.

பந்து பக்னரைக் கடந்தபோது முன்னிலை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. இன்னும் ஓர் ஆட்டமும் எஞ்சியிருந்தது. இருப்பினும் பழி பெரும்பாலும் பக்னர் மீதே விழுந்தது.

1988 உலகத் தொடர், முதல் ஆட்டம்

1988 அக்டோபர் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 எனப் பின்தங்கியிருந்தது. இருவர் ஆட்டமிழந்திருந்தனர். இரு கால்களிலும் காயமுற்றிருந்த கிர்க் கிப்சனை மேலாளர் டாமி லசோர்டா மாற்று மட்டையாளராக இறக்கினார். கிப்சன், அக்காலத்தின் சிறந்த முடிப்பு வீச்சாளரான எக்கர்ஸ்லியின் பந்தில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அத்தொடரில் கிப்சன் மட்டை பிடித்தது அந்த ஒரு முறை மட்டுமே. நடக்கவே சிரமப்பட்ட ஒருவரை இறக்கிய இம்முடிவு தோல்வியில் முடிந்திருந்தால் எவ்வாறு மதிப்பிடப்பட்டிருக்கும் என்பது விவாதங்களில் அடிக்கடி எழுப்பப்படும் வினா ஆகும்.

1991 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம்

1991 அக்டோபர் 27 அன்று மினசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் அணிகள் ஒன்பது இன்னிங்ஸ்கள் வரை ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை. மினசோட்டா மேலாளர் டாம் கெல்லி, வீச்சாளர் ஜாக் மாரிஸை மாற்ற எண்ணினார், மாரிஸ் தொடர விரும்பினார், கெல்லி இணங்கினார். மாரிஸ் பத்தாவது இன்னிங்ஸையும் ஓட்டம் கொடாமல் வீசினார். மாற்று மட்டையாளராக வந்த ஜீன் லார்க்கின் அடித்த அடியால் மினசோட்டா 1-0 என வென்றது. வீச்சாளரை நம்ப வேண்டும் என்போர் முன்வைக்கும் முதல் எடுத்துக்காட்டு இதுவாகும்.

2003 அமெரிக்க லீக் வாகையர் தொடர், ஏழாவது ஆட்டம்

2003 அக்டோபர் 16 அன்று யாங்கீ அரங்கில் நடந்த இவ்வாட்டமே இப்பொருளில் மிகுதியாகப் பேசப்பட்டது எனலாம். எட்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-2 என முன்னிலை பெற்றிருந்தது. அக்காலத்தின் தலைசிறந்த வீச்சாளர்களுள் ஒருவரான பெட்ரோ மார்ட்டினெஸ் தொடர்ந்து வீசினார். நூறு வீச்சுகளைத் தாண்டியபின் மார்ட்டினெஸின் திறன் குறைவதை அணியின் புள்ளிவிவரங்கள் காட்டின. அத்தொடர் முழுதும் மாற்று வீச்சாளர்களான ஆலன் எம்ப்ரீயும் மைக் டிம்லினும் சிறப்பாக வீசியிருந்தனர்.

ஒருவர் ஆட்டமிழந்தபின் டெரெக் ஜீட்டர் இரு தள அடி அடித்தார். பெர்னி வில்லியம்ஸின் அடியால் ஓட்டங்கள் 5-3 ஆயின. மேலாளர் கிரேடி லிட்டில் வீச்சு மேட்டுக்குச் சென்று மார்ட்டினெஸுடன் பேசினார். அவரை மாற்றாமல் திரும்பினார். அடுத்து ஹிடெக்கி மட்சுயி, ஜார்ஜ் பொசாடா ஆகியோரின் இரு தள அடிகளால் ஓட்டங்கள் 5-5 எனச் சமமாயின. அதன் பின்னரே, 123 வீச்சுகள் வீசியிருந்த மார்ட்டினெஸ் மாற்றப்பட்டார். பதினோராவது இன்னிங்ஸின் பிற்பாதியின் தொடக்கப் பந்தில் ஆரன் பூன், டிம் வேக்ஃபீல்டின் வீச்சில் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். பூன் அவ்வாட்டத்தில் தொடக்கத்தில் ஆடவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் மாற்று ஓட்டக்காரராகவே களமிறங்கினார்.

அப்பருவத்தில் 95 ஆட்டங்களை வென்ற லிட்டிலின் ஒப்பந்தம் அம்மாத இறுதியில் புதுப்பிக்கப்படவில்லை. இந்நிகழ்வு அக்கால விவாதத்தின் இரு தரப்பையும் தெளிவாகக் காட்டியது. ஒரு தரப்பு, வீரரின் கண்ணை நோக்கி முடிவெடுத்த மேலாளரைக் கண்டது. மறு தரப்பு, கையிலிருந்த கணக்கைப் புறக்கணித்த மேலாளரைக் கண்டது.

2004 அமெரிக்க லீக் வாகையர் தொடர், நான்காவது ஆட்டம்

மறு ஆண்டு அதே அணிகள் மீண்டும் மோதின. முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்திருந்த ரெட் சாக்ஸ், 2004 அக்டோபர் 17 அன்று ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3 எனப் பின்தங்கியிருந்தது. கெவின் மிலார் முதல் தளம் அடைந்தவுடன், புதிய மேலாளர் டெரி பிரான்கோனா டேவ் ராபர்ட்ஸை மாற்று ஓட்டக்காரராக இறக்கினார். அவர் ஓட முயல்வார் என்பதை அரங்கில் இருந்த அனைவரும் அறிந்திருந்தனர். ராபர்ட்ஸ் இரண்டாம் தளத்தைத் திருடினார். பில் முல்லரின் அடியில் ஓட்டமும் எடுத்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் வென்றது. பின்னர் எஞ்சிய மூன்று ஆட்டங்களையும், தொடர்ந்து உலகத் தொடரையும் வென்றது. அது பாஸ்டனுக்கு 1918 க்குப் பிந்தைய முதல் வாகையாகும்.

2015 உலகத் தொடர், ஐந்தாவது ஆட்டம்

2015 நவம்பர் 1 அன்று நியூயார்க் மெட்ஸ் 2-0 என முன்னிலை பெற்றிருந்தது. எட்டு இன்னிங்ஸ்களில் ஓட்டம் எதுவும் கொடாத மேட் ஹார்வியை மாற்ற மேலாளர் டெரி காலின்ஸ் முடிவு செய்தார். ஹார்வி அவரிடம் சென்று தாமே தொடர வேண்டும் என வற்புறுத்தினார். காலின்ஸ் முடிவை மாற்றிக்கொண்டார். ஹார்வி ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒருவரையும் ஆட்டமிழக்கச் செய்யவில்லை. கான்சஸ் சிட்டி ராயல்ஸ் ஓட்டங்களைச் சமன் செய்து, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 7-2 என வென்று தொடரையும் கைப்பற்றியது. முன்பு கெல்லியிடம் மாரிஸ் கேட்டதையே ஹார்வியும் கேட்டார். விளைவு மட்டும் வேறாயிற்று.

2016 வைல்டு கார்டு ஆட்டம்

2016 அக்டோபர் 4 அன்று டொராண்டோவில் நடந்த இந்த ஆட்டத்தில் தோற்கும் அணியின் பருவம் முடிந்துவிடும். பால்டிமோர் ஓரியோல்ஸின் சாக் பிரிட்டன் அப்பருவத்தில் 47 காப்பு வாய்ப்புகளில் 47 இலும் வென்றவர். ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு அவர் கொடுத்த ஓட்டச் சராசரி 0.54 மட்டுமே. ஆட்டம் 2-2 எனச் சமமாக நீடித்தது. விருந்தினர் அணி முன்னிலை பெற்றாலும் இறுதி அரை இன்னிங்ஸை வீசியாக வேண்டும் என்பதால், முடிப்பு வீச்சாளரை அதற்காக வைத்திருப்பது மேலாளர்களின் பழைய வழக்கம். பக் ஷோவால்டர் அவ்வழக்கத்தைப் பின்பற்றினார். பதினோராவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸின் வீச்சில் எட்வின் என்கார்னசியோன் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். டொராண்டோ புளூ ஜேஸ் 5-2 என வென்றது. பிரிட்டன் ஒரு பந்தும் வீசவில்லை.

2016 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம்

வென்ற மேலாளரும் குறைகூறப்பட்ட அரிய நிகழ்வு இது. 1908 க்குப் பின் வாகை சூடாத சிகாகோ கப்ஸ் அணியின் மேலாளர் ஜோ மேடன், ஆறாவது ஆட்டத்தில் ஐந்து ஓட்ட முன்னிலை இருந்தபோதே முடிப்பு வீச்சாளர் அரோல்டிஸ் சாப்மனைப் பயன்படுத்தினார். நவம்பர் 2 அன்று கிளீவ்லாந்தில் நடந்த ஏழாவது ஆட்டத்தில், 5-1 என முன்னிலை இருக்க, நன்கு வீசிக்கொண்டிருந்த கைல் ஹென்ட்ரிக்ஸை ஐந்தாவது இன்னிங்ஸில் மாற்றினார். எட்டாவது இன்னிங்ஸில் களைத்த சாப்மனின் வீச்சில் ரஜாய் டேவிஸ் ஹோம் ரன் அடிக்க, ஓட்டங்கள் 6-6 ஆயின. மழையால் 17 நிமிடங்கள் ஆட்டம் தடைப்பட்டது. பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என வென்றது. அவ்வெற்றி மேடனின் முடிவுகளைச் சரியாக்கியதா, மறைத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

2019 உலகத் தொடர், ஏழாவது ஆட்டம்

2019 அக்டோபர் 30 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2-1 என முன்னிலையில் இருந்தபோது, 80 வீச்சுகளே வீசியிருந்த சாக் கிரைன்கியை ஏழாவது இன்னிங்ஸில் மேலாளர் ஏ. ஜே. ஹின்ச் மாற்றினார். அடுத்து வந்த வில் ஹாரிஸின் வீச்சில் ஹவி கென்ட்ரிக் அடித்த பந்து எல்லைக் கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆயிற்று. வாஷிங்டன் நேஷனல்ஸ் 6-2 என வென்றது. அணியின் முதன்மை வீச்சாளர் கெரிட் கோல் புல்பென்னில் தயாரானார், ஆனால் களமிறக்கப்படவில்லை.

2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம்

2020 அக்டோபர் 27 அன்று டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் தம்பா பே ரேஸ் 1-0 என முன்னிலை பெற்றிருந்தது. பிளேக் ஸ்னெல் 73 வீச்சுகளில் ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் ஆட்டமிழந்திருக்க, ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு தள அடி அடித்தார். அது ஸ்னெல் கொடுத்த இரண்டாவது அடி மட்டுமே. மட்டை வரிசை இரு முறை முடிந்து மூன்றாம் சுற்று தொடங்கும் வேளையில், மேலாளர் கெவின் கேஷ் ஸ்னெலை மாற்றி நிக் ஆண்டர்சனை அழைத்தார். அடுத்து ஆட வேண்டிய மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் ஆகிய மூவரும் ஸ்னெலுக்கு எதிராக ஆறு வாய்ப்புகளில் ஆறிலும் ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தனர்.

பெட்ஸ் இரு தள அடி அடித்தார். கட்டுமீறிய வீச்சு ஒன்றால் ஓட்டங்கள் சமமாயின. சீகரின் தரையடியில் பெட்ஸ் ஓட்டம் எடுத்தார். டாட்ஜர்ஸ் 3-1 என வென்று 1988 க்குப் பின் முதல் முறையாக வாகை சூடியது. டாட்ஜர்ஸின் மேலாளர், 2004 இல் இரண்டாம் தளத்தைத் திருடிய அதே டேவ் ராபர்ட்ஸ் ஆவார்.

2003 இல் கணக்கைக் கேளாததற்காக லிட்டில் பழிக்கப்பட்டார். 2020 இல் கணக்கை மட்டும் கேட்டதற்காகக் கேஷ் பழிக்கப்பட்டார். ஆயினும் கேஷின் முடிவில் கணக்கின்படியே ஒரு குறை சுட்டப்பட்டது. அப்பருவத்தின் இறுதிச் சுற்று ஆட்டங்களில் ஆண்டர்சன் தொடர்ந்து ஓட்டங்கள் கொடுத்து வந்திருந்தார். மூன்றாம் சுற்றில் ஸ்னெல் எவ்வளவு தாழ்வார் என்பது எண்ணப்பட்ட அளவுக்கு, ஆண்டர்சன் ஏற்கெனவே எவ்வளவு தாழ்ந்துள்ளார் என்பது எண்ணப்படவில்லை என்பதே இக்குறை.

விவாதத்தின் கூறுகள்

முடிவும் விளைவும்

ஜொனதன் பாரன், ஜான் ஹெர்ஷி ஆகிய உளவியலாளர்கள் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே முடிவைப் பற்றிய ஒரே தகவல்கள் தரப்பட்டபோதும், விளைவு தீயதாக இருந்தால் அம்முடிவை மக்கள் தாழ்வாக மதிப்பிட்டதைக் காட்டினர். இது விளைவுச் சார்பு எனப்படுகின்றது. அடிபந்தாட்ட விவாதங்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டுகள் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டாக, ஒரு வீச்சாளரைத் தொடரவிட்டால் வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 80 எனவும், மாற்றினால் 83 எனவும் கொள்வோம். மாற்றுவதே சரியான முடிவு. எனினும் மாற்றிய மேலாளர் நூற்றில் பதினேழு முறை தோற்பார். அப்பதினேழு முறையும் அவர் தவறு செய்தவராகவே தோன்றுவார். மாற்றாமல் விட்டவர் எண்பது முறை வெல்வார். அந்த எண்பது முறையும் அவரிடம் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒரே ஓர் ஆட்டத்தைக் கொண்டு 80 க்கும் 83 க்கும் உள்ள வேறுபாட்டை ஒருவராலும் காண இயலாது.

ஆனால் இவ்வாதத்துக்கும் எல்லை உண்டு. விளைவை ஒதுக்கிவிட்டால் எந்த மேலாளரும் தவறே செய்யாதவர் ஆகிவிடுவார். ஆகவே, முடிவெடுத்த கணத்தில் மேலாளருக்குத் தெரிந்திருந்தவை எவை, தெரிந்திருக்க வேண்டியவை எவை என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே முறை எனப் பலர் கருதுகின்றனர். இவ்வளவுகோலின்படி பிரிட்டனைப் பயன்படுத்தாதது, கென்ட்ரிக்கின் பந்து கம்பத்தில் பட்டதை விட வலுவான குறைகூறலுக்கு உரியது. பிரிட்டனின் திறன் பருவம் முழுதும் எல்லோரும் அறிந்தது. பந்து கம்பத்தில் படுமா என்பது ஒருவரும் அறியாதது.

எண்ணும் கண்ணும்

சராசரிகள் பல நூறு வீச்சாளர்களின் பல ஆயிரம் ஆட்டங்களிலிருந்து பெறப்படுபவை. இன்று களத்தில் நிற்பவர் அச்சராசரியினின்று வேறுபட்டவரா என்பதே மேலாளரின் கேள்வி. நன்றாக வீசிக்கொண்டிருப்பவர் அடுத்த இன்னிங்ஸிலும் நன்றாகவே வீசுவார் என்னும் நம்பிக்கை பெரும்பாலும் மிகைப்பட்டது எனப் புள்ளியியலாளர்கள் கூறுவர். பந்தின் வேகம், சுழற்சி போன்றவற்றில் தெரியும் அன்றைய நிலையைச் சராசரி மறைத்துவிடும் என முன்னாள் வீரர்கள் கூறுவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு.

வீரரின் சொல்

சிறந்த வீச்சாளர்கள் வெளியேற விரும்புவதில்லை. அவ்விருப்பமே அவர்களைச் சிறந்தவர்களாக்கியது. எனவே களைப்படைந்துவிட்டாயா என வீச்சு மேட்டில் கேட்கப்படும் கேள்விக்கு வரும் விடையால் பயன் குறைவு எனக் கருதப்படுகின்றது. மறுபுறம், வீரரின் சொல்லை ஒருபோதும் கேளாத மேலாளர் நாளடைவில் அணியின் நம்பிக்கையை இழப்பார் என்பதும் கூறப்படுகின்றது.

பின்விளைவுகள்

இம்முடிவுகளின் சுமை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. லிட்டில் பணியிழந்தார், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் டாட்ஜர்ஸ் அணியை நடத்தினார். கேஷ் பணியில் நீடித்தார். 2020 இலும் 2021 இலும் அமெரிக்க லீக்கின் ஆண்டின் சிறந்த மேலாளராகத் தெரிவு செய்யப்பட்டார். அணி நிருவாகமும் மேலாளரும் ஒரே கணக்கை நம்பும் காலத்தில், அக்கணக்கின்படி நடந்து தோற்றவர் தண்டிக்கப்படுவதில்லை என்பதை இது காட்டுகின்றது. ஷோவால்டர் 2018 வரை பால்டிமோரில் தொடர்ந்தார்.

பக்னரின் நிலை வேறு. அவரைக் களத்தில் விட்டது மேலாளரின் முடிவு; எனினும் பழியைச் சுமந்தவர் வீரர். 2,700 க்கும் மேற்பட்ட அடிகள் அடித்த அவரது இருபத்திரண்டு பருவங்கள் ஒரு தரைப்பந்தில் சுருங்கின. 2008 ஏப்ரலில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் தொடக்கப் பந்தை வீச அழைக்கப்பட்டபோது மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவர் 2019 இல் காலமானார்.

அண்மைய விதி மாற்றங்கள்

2018 முதல் வீச்சு மேட்டுக்குச் சென்று பேசும் முறைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. 2020 இல் ஒரு மாற்று வீச்சாளர் குறைந்தது மூன்று மட்டையாளர்களுக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி வந்தது. காயம் அல்லது உடல்நலக்குறைவு இதற்கு விலக்கு. இதனால் ஒரே மட்டையாளருக்காக ஒரு வீச்சாளரை அழைக்கும் பழைய வழக்கம் பெரிதும் மறைந்தது. அதே ஆண்டு முதல் வழக்கமான பருவத்தின் கூடுதல் இன்னிங்ஸ்கள் இரண்டாம் தளத்தில் ஓர் ஓட்டக்காரருடன் தொடங்குகின்றன. இறுதிச் சுற்று ஆட்டங்களுக்கு இவ்விதி பொருந்தாது. 2022 இல் நியமன மட்டையாளர் முறை இரு லீக்குகளுக்கும் நிலையாக விரிவாக்கப்பட்டதால், வீச்சாளருக்குப் பதில் மாற்று மட்டையாளரை இறக்குவதா என்ற பழைய கேள்வி இல்லாமற்போயிற்று. கிளெமென்ஸை வெளியேற்றிய 1986 ஆம் ஆண்டின் மாற்று, இவ்விதியின் கீழ் தேவைப்பட்டிருக்காது.

விதிகள் முடிவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துள்ளன. அவற்றின் எடையைக் குறைக்கவில்லை. வெளியேறியவர் திரும்ப இயலாது என்ற அடிப்படை விதி நிலைத்திருக்கும் வரை, ஒவ்வொரு மாற்றிலும் நடந்தது ஒன்றும் நடவாதது ஒன்றும் இருக்கும். நடவாததை எண்ணியே இவ்விவாதங்கள் தொடர்கின்றன.

இவற்றையும் பார்க்க

அடிபந்தாட்டம்
உலகத் தொடர்
மேஜர் லீக் பேஸ்பால்
பாஸ்டன் ரெட் சாக்ஸ்
நியூயார்க் யாங்கீஸ்
விளைவுச் சார்பு